வாட்ஸ்அப்பா, ஃபேஸ்புக்கா, இன்ஸ்டாவா, யூடியூப்பா: ஒரு சிறு அறக்கட்டளைக்கு எது கைகொடுக்கும்?

ஒரு மாவட்டத் தலைநகரில் மாலை நேர வகுப்பு நடத்தும் அறக்கட்டளையை எடுத்துக்கொள்வோம். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அறுபது எழுபது பேர் வருகிறார்கள். சம்பளத்துக்கு இருவர், மற்றவர்கள் தன்னார்வலர்கள். தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட அமைப்புகள் நிறைய உண்டு. சமூக ஊடகத்துக்கென்று தனி ஆள் இவர்களிடம் இருக்காது. வகுப்பு முடிந்து பிள்ளைகளை அனுப்பிவிட்டு, இரவு ஒன்பது மணிக்கு மேல் யாராவது போனை எடுத்துப் படம் போட்டால்தான் உண்டு.

அதனால் "எல்லாத் தளத்திலும் கணக்கு ஆரம்பியுங்கள்" என்ற யோசனையை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். ஐந்து இடத்தில் கணக்கு இருந்து, நான்கில் கடைசிப் பதிவு இரண்டு வருடத்துக்கு முந்தையது என்றால், புதிதாகப் பார்க்கிறவர் அமைப்பையே மூடிவிட்டார்கள் என்று நினைப்பார். இருக்கிற உழைப்பை எங்கே போடுவது என்பதுதான் கேள்வி. அதற்கு, நாம் பேச வேண்டியவர்கள் யார் யார் என்று தெளிவாக வேண்டும். பணம் தருகிறவர்கள்: ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், கடைவீதி வியாபாரிகள், வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் ஊர்க்காரர்கள். நேரம் தருகிறவர்கள்: பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். அப்புறம், பிள்ளைகளின் பெற்றோர். இந்த மூன்று கூட்டமும் ஒரே தளத்தில் உட்கார்ந்திருக்கவில்லை.

மூன்று கூட்டத்தின் கையிலும் இருப்பது வாட்ஸ்அப் ஒன்றுதான். ஆனால் அதற்குள்ளேயே குரூப், பிராட்காஸ்ட் லிஸ்ட், சேனல் என்று மூன்று வழிகள். இந்த மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் பல அமைப்புகள் தடுமாறுகின்றன.

குரூப்பில் 1024 பேர் வரை சேர்க்கலாம். எல்லோரையும் ஒரே குரூப்பில் போட்டால் வேலை சுலபம்தான். ஆனால் உள்ளே இருக்கும் ஒவ்வொருவரின் எண்ணும் மற்றவர்களுக்குத் தெரியும். கல்லூரிப் பெண் ஒருவரின் எண்ணையும், ஒரு மாணவியின் அம்மாவுடைய எண்ணையும், முகம் தெரியாத நூற்றுக்கணக்கான பேரிடம் கொடுப்பதற்கு நமக்கு உரிமை இல்லை. காலை வணக்கப் படங்களும் தேர்தல் நேரத்து ஃபார்வர்டுகளும் குவிந்து, முக்கியமான செய்தி அடியில் போய்விடும் என்பது அடுத்த தொல்லை. குரூப் வேண்டியதுதான், ஆனால் சிறியதாக: பெற்றோருக்கு ஒன்று, அதில் அட்மின் மட்டும் எழுதலாம், தன்னார்வலர்களுக்கு ஒன்று, அதில் எல்லோரும் பேசலாம்.

பிராட்காஸ்ட் லிஸ்ட் என்பது ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் பட்டியல். ஒரு பட்டியலில் 256 பேர்தான். நம் எண்ணைத் தன் போனில் சேமித்தவருக்கு மட்டுமே செய்தி போகும். இதைக் குறையாகச் சொல்வார்கள். நன்கொடையாளர்களைப் பொறுத்தவரை எனக்கு இது நிறையாகவே படுகிறது. சேமித்து வைத்தவர் நம்மோடு தொடர்பு வேண்டும் என்று நினைப்பவர். செய்தி அவருக்குத் தனியாக வந்தது போல வரும், பதிலும் நமக்கு மட்டும் வரும். "தம்பி, இந்த மாசம் எவ்வளவு தேவைப்படுது?" என்று ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ஆயிரம் பேர் பார்க்கும் இடத்தில் கேட்க மாட்டார், தனியாகக் கேட்பார். சிறு அமைப்புகளின் வரவு பெரும்பாலும் இப்படிப்பட்ட உரையாடல்களில்தான் வருகிறது.

சேனல் 2023 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்தது. பின்தொடர்பவரின் எண் பிறருக்குத் தெரியாது, எத்தனை பேர் வேண்டுமானாலும் சேரலாம். ஆனால் அது தனித் தாவலில் இருப்பதால், தேடிப் போய்ப் பார்க்கிறவருக்குத்தான் கண்ணில் படும். திரும்பிப் பதில் எழுதி உரையாடவும் வழியில்லை. பெரிய அமைப்புகளுக்குச் சரி. அறுபது பிள்ளைகள் படிக்கும் இடத்துக்கு இப்போதைக்கு வேண்டாம் என்பேன்.

வாட்ஸ்அப்பின் பெரிய குறை, நேற்றுப் போட்டதை இன்று ஒரு புதியவர் தேடிக் கண்டுபிடிக்க முடியாது என்பது. இன்னொன்று, தேதி இல்லாத செய்தி சாவதே இல்லை. ரத்தம் தேவை என்ற பழைய செய்தி வருடக்கணக்கில் சுற்றுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். உதவி கேட்டு எதை அனுப்பினாலும் எந்தத் தேதி, எந்த ஊர், எதுவரை தேவை என்று அதிலேயே எழுதிவிட வேண்டும்.

தேடி வருகிறவருக்கு ஒரு முகவரி வேண்டும் என்றால் ஃபேஸ்புக் பேஜுக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது. இளைஞர்களை ஈர்க்க அது தோதான இடமல்ல என்பார்கள். ஆனால் நாற்பது ஐம்பதைத் தாண்டிய நன்கொடையாளர்கள் இருக்கிறார்கள். நான்கு பத்தி தமிழில் எழுதினால் பொறுமையாகப் படிக்கிறார்கள். பதிவிலேயே இணைப்பு கொடுக்கலாம், வருடவாரியாகப் படங்களை அடுக்கலாம். ஐந்து வருடமாக விடாமல் நடக்கிறது என்பதற்கு அந்தப் பேஜே சாட்சி. பேஜ் போடும் பதிவைப் பின்தொடர்பவர்களில் சிறு பங்கினருக்குத்தான் ஃபேஸ்புக் காட்டுகிறது என்பது தெரிந்ததே. அதற்கு விளம்பரப் பணம் கட்டுவதைவிட, அறங்காவலர்களும் ஆசிரியர்களும் அதைத் தங்கள் சொந்தக் கணக்கில் இரண்டு வரி எழுதிப் பகிர்வது நன்றாக வேலை செய்யும். மனிதர் சொன்னால்தான் மனிதர் பணம் தருவார்.

இன்ஸ்டாகிராமின் கணக்கு வேறு. 2020 ஜூன் கடைசியில் டிக்டாக் தடை செய்யப்பட்டது, அடுத்த மாதமே ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது. கல்லூரி மாணவர்களை அழைக்க இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் படத்துக்குக் கீழே எழுதும் இணைப்பை அழுத்தினால் திறக்காது, கணக்கின் அறிமுகப் பகுதியான பயோவிலோ ஸ்டோரியிலோதான் வைக்க வேண்டும். நன்கொடை கேட்க இது தோதான இடமல்ல. உழைப்பும் அதிகம்: எடுத்து, வெட்டி, தமிழில் எழுத்துப் போட்டு ஒரு ரீலை முடிக்க ஒரு மாலைப்பொழுது போய்விடும். கல்லூரி திறக்கும் ஜூன், ஜூலையிலும் பொதுத்தேர்வுக்கு முந்தைய மாதங்களிலும் மட்டும் முனைப்பாகப் போட்டால் போதும். உள்ளூர்க் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்டக் கணக்கோடு சேர்ந்து கொலாப் பதிவாகப் போட்டால், அதே பதிவு இரண்டு கணக்கிலும் தெரியும். நமக்கு முந்நூறு ஃபாலோயர் இருந்தாலும் அவர்களுடைய மாணவர்களிடம் போய்ச் சேரும்.

ஆக, ஃபேஸ்புக்கா இன்ஸ்டாவா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால், பணம் குறைவாக இருக்கும் அமைப்பு ஃபேஸ்புக்கையும், ஆள் குறைவாக இருக்கும் அமைப்பு இன்ஸ்டாவையும் எடுக்கட்டும்.

யூடியூப் என்றதும் பாட வீடியோ போடத்தான் பலருக்கும் தோன்றுகிறது. தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019 முதல் இயங்குகிறது, அதன் பாடங்கள் யூடியூபிலேயே கிடைக்கின்றன. அதையே திரும்பச் செய்ய வேண்டாம். வழிகாட்டும் வீடியோக்கள்தான் குறைவு. எட்டாம் வகுப்பில் எழுதும் என்எம்எம்எஸ் என்ற மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வில் தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை வருடத்துக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், மாணவர்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன். என்னென்ன சான்றிதழ், எங்கே வாங்குவது, எதில் தவறு வரும் என்று நம் ஊர்த் தமிழில் ஆறு நிமிடம் சொன்னால், ஒவ்வொரு வருடமும் ஒரு புது அப்பாவோ அம்மாவோ தேடி வந்து பார்ப்பார்கள். வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாவும் தர முடியாத நீண்ட ஆயுள் இது. விதி மாறினால் பழைய வீடியோவை எடுத்துவிட வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். விளம்பர வருமானத்தை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். அதற்கு 1,000 சந்தாதாரர்களும் ஒரு வருடத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் தேவை.

எக்ஸ் தளம், அப்போது ட்விட்டர் என்ற பெயரில், 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் எவ்வளவு உதவியது என்று நமக்குத் தெரியும். அதிகாரிகளின் கவனத்துக்கு ஒன்றைக் கொண்டுபோக இன்றும் அது பயன்படும். அதற்கு ஒரு கணக்கு இருந்தால் போதும், தினமும் எழுத வேண்டாம். லிங்க்டுஇன், பெரிய நிறுவனங்கள் சமூகப் பணிக்கென ஒதுக்கும் சிஎஸ்ஆர் நிதியைத் தேடுகிறவர்களுக்கானது. அந்த நிதியைப் பெற அரசிடம் செய்ய வேண்டிய சிஎஸ்ஆர்-1 பதிவை முடிக்காமல் அங்கே போய்ப் பயனில்லை.

இந்தப் பட்டியலில் யாரும் சேர்க்காத ஒன்றை நான் சேர்ப்பேன்: கூகுள் மேப்பில் இடத்தைப் பதிவு செய்வது. பிள்ளையின் பிறந்தநாளுக்கோ அப்பாவின் நினைவுநாளுக்கோ ஏதாவது செய்ய நினைக்கும் குடும்பம், பக்கத்தில் என்ன அமைப்பு இருக்கிறது என்று போனில் தேடுகிறது. சரியான எண்ணும், வகுப்பு நேரமும், நான்கு நல்ல படங்களும் அங்கே இருந்தால் அவர்களே கூப்பிடுவார்கள். செலவு இல்லை, வாராவாரம் பதிவு போடும் வேலையும் இல்லை.

எந்தத் தளமானாலும் க்யூஆர் கோடு போடும்போது கவனம் தேவை. கணக்கு அறக்கட்டளையின் பெயரில் இருக்க வேண்டும், நிர்வாகியின் சொந்த ஜிபே எண்ணாக இருக்கக் கூடாது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை (80ஜி) கிடைக்காது என்பதையும் எழுதுங்கள். பதிவு டொரண்டோவுக்கும் சிங்கப்பூருக்கும் போகும். இந்தியக் குடியுரிமையோடு அங்கே வேலை பார்ப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். கனடாக் குடியுரிமை பெற்றுவிட்டவர், நம் ஊரில் பிறந்தவரே ஆனாலும், சட்டப்படி வெளிநாட்டு நன்கொடையாளர். வெளிநாட்டு நன்கொடை பெறுவதற்கான சட்டத்தின்படி எஃப்சிஆர்ஏ பதிவு இல்லாத அமைப்பு அந்தப் பணத்தை வாங்கக் கூடாது. க்யூஆர் படத்திலேயே இதை ஒரு வரியாகப் போட்டுவிட்டால், பிறகு திருப்பி அனுப்பும் சங்கடம் இருக்காது.

பிள்ளைகளின் படம் பற்றி எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. நோட்டுப் புத்தகத்தை நீட்டுகிறவரும் அதை வாங்கும் குழந்தையும் கேமராவைப் பார்த்து நிற்கும் படத்தைப் பொதுத்தளத்தில் போடவே வேண்டாம். அந்தக் குழந்தை நாளை கல்லூரிக்குப் போகும், அதன் நண்பர்கள் அதைப் பார்ப்பார்கள். இல்லங்களில் வளரும் பிள்ளைகள் விஷயத்தில் சட்டமே தடுக்கிறது: இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி, ஊடகத்தில் அவர்களுடைய அடையாளத்தை வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். முகம் தெரியும் படங்களைப் பெற்றோர் குரூப்போடு நிறுத்திக்கொண்டு, வெளியே கரும்பலகை, பிள்ளைகளின் கையெழுத்து, அவர்கள் வரைந்த படம் என்று போடுங்கள்.

என் தேர்வு இதுதான். முதல் ஆறு மாதம் பிராட்காஸ்ட் லிஸ்ட், ஃபேஸ்புக் பேஜ், கூகுள் மேப் மட்டும். வாரத்துக்கு ஒரு பதிவு போதும். அது தடையில்லாமல் நடந்தால், ஆர்வமுள்ள மாணவர்கள் இருவரை நம்பி இன்ஸ்டாவைத் தொடங்கலாம். யூடியூபுக்கு வருடத்துக்கு ஐந்தாறு வீடியோ. ஆனால் ஒன்று, எந்தக் கணக்கையும் ஒரு தன்னார்வலரின் சொந்த எண்ணிலோ மின்னஞ்சலிலோ தொடங்காதீர்கள். அறக்கட்டளையின் பெயரில் ஒரு சிம், ஒரு மின்னஞ்சல், ஒவ்வொரு கணக்குக்கும் குறைந்தது இரண்டு அட்மின். மாணவர் படிப்பு முடிந்து வேலைக்குப் போகும் மாதத்தில், அவருக்கு நன்றி சொல்லும் கூட்டத்துக்கு முன்பே கடவுச்சொல் மாற வேண்டும், புதிய அட்மின் சேர்ந்திருக்க வேண்டும்.