கருவாடு போடுகிறவர்களுக்கு மழை ராடர் செயலி: காசு கட்டலாமா?

நான் குச்சவெளிக் கரையில் நெத்தலிக் கருவாடு போடுகிறவள். வாடி முன்னால் விரித்ததை வாரித் தறப்பாளுக்குள் தள்ள முக்கால் மணித்தியாலம் வேண்டும். பாதி காய்ந்த நெத்தலியில் மழை பட்டால் வயிறு வெடித்து நிறம் மாறிவிடும். வாங்க வரும் முதலாளி அதைக் கையாலும் தொடமாட்டார். ‘இன்று மழை பெய்யலாம்’ என்ற வானொலிச் செய்தி எங்களுக்குப் போதாது. எத்தனை மணிக்கு என்று தெரிய வேண்டும். அதற்காகத்தான் இந்தச் செயலியைப் போனில் ஏற்றினேன்.

பார்க்க அழகுதான். பச்சை லேசான மழை, மஞ்சள் கொஞ்சம் கனம், சிவப்பு அடைமழை. படத்தை நகர்த்தினால் மேகக் கூட்டம் ஊர்ந்து வருவதைப் பார்க்கலாம்.

ஆனால் அமைப்புகளுக்குள் போய் ‘ராடர் நிலையங்கள்’ என்பதை ஒருதரம் அழுத்திப் பாருங்கள். ஒவ்வொரு நிலையத்தைச் சுற்றியும் அதன் ராடர் எட்டும் தூரம் வட்டமாய் வரும். எங்களுக்குக் கிட்ட அது காட்டுவது இந்தியக் கரையிலுள்ள காரைக்கால். அந்த வட்டம் யாழ்ப்பாணத்தை மூடி முல்லைத்தீவோடு நின்றுவிடுகிறது. குச்சவெளியும் திருகோணமலை ரவுணும் அதற்கு வெளியே.

வட்டத்தைப் பெரிதாக்கினாலும் பெரிய பிரயோசனமில்லை. ராடர் அனுப்பும் அலை மழைத்துளியில் பட்டுத் திரும்புவதை வைத்துத்தான் மழையைக் கணக்கிடுகிறார்கள். அலை ஏறக்குறைய நேராகப் போகும், பூமியோ வளைந்து கீழே இறங்கும். அரைப் பாகை சாய்வில் காரைக்காலிலிருந்து புறப்படும் அலை, சுமார் 270 கிலோமீட்டர் தாண்டி எங்கள் தலைக்கு மேல் வரும்போது 6 கிலோமீட்டருக்கும் மேலே நிற்கும். வாடைக்காலத்தில் கடலிலிருந்து வந்து கொட்டிவிட்டுப் போகும் குட்டை மேகங்கள் அந்த உயரத்தை எட்டுவதே அபூர்வம்.

அப்போ எங்கள் ஊருக்கு மேல் தெரியும் நிறம் எது? செய்மதி. அது மேக உச்சியின் குளிரைப் பார்த்து மழையை ஊகிக்கிறது. மேலே தகடாய்ப் படர்ந்த மேகம் குளிராய் இருந்தால், கீழே ஒரு துளி விழாவிட்டாலும் வரைபடம் சிவக்கும். மார்கழியில் இதற்கு மறுதலையாக, படம் வெறுமையாய்க் கிடக்கும்போதே கடலிலிருந்து மழை வந்து அடித்தது. பக்கத்து வாடி அக்கா தறப்பாளை இழுத்துக்கொண்டே கேட்டா: “உன்ர போனுக்குக் கடல் தெரியாதோ?”

உதவுகிற காலமும் உண்டு. புரட்டாசிப் பக்கம், பின்னேரங்களில் ஹொரவப்பொத்தானைப் பக்கம் இடிமேகம் கோபுரமாய் எழும்பி, கச்சான் காற்றோடு கரைக்கு வரும். அவ்வளவு உயர்ந்த மேகத்தைச் செய்மதி தவறவிடாது. இங்கே வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும், போனில் மேற்கே சிவப்பு தெரியும். அப்போதே வாரத் தொடங்கினால் நெத்தலி தப்பும். ஒன்று மட்டும், படத்தின் அடியிலுள்ள நேரத்தைப் பாருங்கள். 2.40க்குத் திறந்தால் 2.20இன் படம்தான் கிடைக்கும்.

காசு கட்டினால் விளம்பரம் போய்விடும், வருகிற இரண்டு மணித்தியாலத்தின் படமும் கிடைக்கும். எனக்கு அது வீண்செலவு. இருக்கிற நிறத்தை அது போகிற திசையிலேயே முன்னுக்குத் தள்ளிக் காட்டுகிறது, அவ்வளவுதான். புதிதாய்ப் பிறக்கும் மேகமும் வழியில் கரையும் மேகமும் அந்தக் கணக்கில் இல்லை.

புயலுக்கு என்று வாங்கவும் வேண்டாம். 2020 டிசம்பர் 2 இரவு புரெவி எங்கள் பக்கத்தால்தான் கரையேறியது. அப்படியானதை வளிமண்டலவியல் திணைக்களம் முன்கூட்டியே சொல்லிவிடும்.

இலவசமாய் வைத்திருப்பதற்கு 3 நட்சத்திரம், காசு கட்டினால் 2. புத்தளத்தில் ஜப்பான் உதவியோடு அமைக்கத் திட்டமிட்ட டொப்ளர் ராடரின் தரவு இந்தச் செயலிக்குள் வரும் நாளில் நட்சத்திரத்தைக் கூட்டுகிறேன். அங்கிருந்து திருகோணமலைக்கு 165 கிலோமீட்டர் அளவுதான், அலை 3 கிலோமீட்டர் உயரத்தில் வரும். மார்கழி மேகம் கொஞ்சமாவது பிடிபடும்.