பழைய கார் செட்டுக்கு ஆக்ஸ்: புதுச்சேரி, கடலூரில் யாரிடம் போவது, என்ன சொல்லிச் செய்வது

வெளிநாட்டிலிருந்து லீவுக்கு ஊர் வந்து, அப்பாவோ மாமாவோ வைத்திருக்கும் பழைய எஸ்டீம், சான்ட்ரோ மாதிரி ஒரு வண்டியை எடுத்து ஓட்டுகிறவர்களுக்கு இது உதவும். டேஷ்போர்டில் கேசட் செட் இருக்கும், இல்லாவிட்டால் சிடி மட்டும் பாடும் செட் இருக்கும். பாட்டெல்லாம் போனிலோ பழைய ஐபாடிலோ கிடக்கும். புதுச்சேரி 100 அடி ரோட்டுப் பக்கம் ஏதாவது கார் ஆக்சசரீஸ் கடையில் ஆக்ஸ், அதாவது போன் ஒயரைச் செருகிப் பாட்டுக் கேட்கும் ஓட்டை, போட்டுத் தரக் கேட்டால் பதில் தயாராக வரும்: "இதெல்லாம் இனிமே யார் சார் வெச்சிருக்காங்க? புளூடூத் செட் ஒண்ணு மாட்டிக்கிட்டுப் போங்க, அரை மணி நேர வேலை." கடலூரில் மஞ்சக்குப்பம் போனாலும் இதேதான்.

அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அங்கே செட்டைக் கழற்றுவார்கள், மாட்டுவார்கள், ஆனால் உள்ளே திறந்து பார்க்க மாட்டார்கள். ஆக்ஸ் போடுவது சால்டரிங் வேலை, அதற்கு ஆள் வேறு. ஆம்ப்ளிஃபயர், டிவி ரிப்பேர் பார்க்கும் பழைய ரேடியோ மெக்கானிக்தான் சரி. அப்படி ஒருவரைப் பிடிக்கச் சுருக்கு வழி, தெருவில் மைக்செட் வாடகைக்கு விடுகிறவரிடம் "அண்ணே, உங்க ஆம்ப்ளிஃபயர் போச்சுன்னா யார்கிட்ட கொடுப்பீங்க?" என்று கேட்பது. திருவிழா சீசனில் அவர் யாரை நம்புகிறாரோ அவரை நாமும் நம்பலாம்.

ஆக, வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். செட்டைக் கழற்ற ஆட்டோ எலக்ட்ரீஷியன், திறந்து பற்றவைக்க ரேடியோ மெக்கானிக். கழற்றுவதற்கு முன் பின்பக்க ஒயர்களைப் போனில் படம் எடுத்துவிடுங்கள். கம்பெனியிலிருந்தே வந்த செட்டுகள் சிலவும் பழைய பிளாபங்க்ட் செட்டுகள் சிலவும் பேட்டரி இணைப்பு போனால் கோடு கேட்கும். கோடு அட்டை வீட்டில் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒயரில் கை வைக்காதீர்கள். அட்டை அப்பாவின் பீரோவில் எந்த பைலுக்குள் இருக்கிறது என்று தேடவே ஒரு நாள் ஆகும்.

சால்டரிங்குக்கு முன்னால் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. சிடி சேஞ்சர் (பல சிடிகளை அடுக்கி வைத்து மாற்றிப் போடும் தனிப் பெட்டி) மாட்டும் வசதியுள்ள செட் என்றால் பின்னால் அதற்கென ஒரு சாக்கெட் இருக்கும். அந்தச் சாக்கெட் வழியாகவே பாட்டை உள்ளே விட அடாப்டர் உண்டு: பயனியரின் ஐபி-பஸ் சாக்கெட்டுக்கு சிடி-ஆர்பி10, கென்வுட்டுக்கு சிஏ-சி1ஏஎக்ஸ், ஜேவிசிக்கு கேஎஸ்-யு57. இவை இங்கே கடைகளில் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கிளம்பும் முன் வீட்டில் யாரையாவது செட்டின் மாடல் எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, இருக்கும் நாட்டிலேயே பழைய பொருள் விற்கும் தளங்களில் வாங்கி வருவதுதான் நடைமுறை. பிளாபங்க்டில் சேஞ்சர் சாக்கெட்டின் 19, 20ஆம் பின்கள் இடது, வலது ஒலி, 18 அதன் கிரவுண்டு, அதாவது மைனஸ். மூன்று ஒயரோடு வேலை முடியும். மாட்டியும் சத்தம் வராவிட்டால் அடாப்டரைச் சந்தேகிக்கும் முன் செட்டின் மெனுவில் ஆக்ஸ் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

கேசட் செட்டாக இருந்தால், கேசட் வடிவில் இருந்து ஒயர் போனுக்குப் போகும் கேசட் அடாப்டரும் ஒரு வழி. பாட்டு ஒரு பக்கம் மட்டும் கேட்டாலோ மங்கலாகக் கேட்டாலோ டேப்பைப் படிக்கும் ஹெட்டில் அழுக்கு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தால் போதும். அடாப்டரை உள்ளே தள்ளியதும் செட் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று மாறிக்கொண்டே இருந்தால், அடாப்டருக்குள் பல்சக்கரம் சுற்றவில்லை, டேப் முடிந்துவிட்டது என்று ஆட்டோ ரிவர்ஸ் நினைக்கிறது என்று அர்த்தம். ஆனால் வருடக்கணக்கில் வெயிலில் நின்ற வண்டியில் பெரும்பாலும் டெக்கின் ரப்பர் பெல்ட்டே தார் மாதிரி உருகிப்போயிருக்கும். அப்போது அடாப்டர் வாங்குவது வீண்.

சிகரெட் லைட்டரில் செருகி, போன் பாட்டை ரேடியோவுக்கு அனுப்பும் எஃப்எம் டிரான்ஸ்மிட்டரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. புதுச்சேரியில் காலியாக இருக்கும் அலைவரிசை, ஈசிஆரில் வடக்கே போகப் போகச் சென்னை நிலையங்களால் நிரம்பிவிடும். 93.5, 98.3 பக்கமே போகாதீர்கள்.

இனி சால்டரிங் வேலை. ஒலியை எந்த இடத்தில் உள்ளே விடுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அவசரக்காரர்கள் டேப் ஹெட் ஒயரிலேயே பற்றவைத்துவிடுவார்கள். ஹெட்டிலிருந்து வருவது ஒரு மில்லிவோல்ட்டுக்கும் குறைவான சிக்னல். அதற்குப் பின்னால் இருக்கும் பிரீஆம்ப் அதைப் பல மடங்கு பெருக்கி, கீழ் ஒலியையும் தூக்கிக் கொடுக்கும். போன் தருவது அதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு பெரிய சிக்னல். அங்கே விட்டால் பாட்டு கரகரத்து, அடித்தொண்டையில் பாடுவது போல வரும். சரியான இடம் பிரீஆம்புக்குப் பிறகு, வால்யூமுக்கு முன்.

சுற்றும் வால்யூம் குமிழ் உள்ள பழைய செட்டில் அது சுலபம். வால்யூம் கன்ட்ரோலில் ஒவ்வொரு சேனலுக்கும் மூன்று கால்: ஒன்று கிரவுண்டு, நடுவில் இருப்பது வெளியே போவது, மற்றது சிக்னல் வரும் கால். சிக்னல் காலுக்கு வரும் தடத்தை வெட்டி, நடுவே சுவிட்ச் உள்ள ஐந்து கால் 3.5 மில்லிமீட்டர் ஜாக்கைச் சேர்க்க வேண்டும். பிளக் செருகாதபோது ரேடியோ ஒலி ஜாக்கின் வழியாகவே வால்யூமுக்குப் போகும், செருகியதும் அது துண்டிக்கப்பட்டு போன் ஒலி போகும். "எதுக்கு சார் வெட்டணும், அப்படியே பேரலல்ல கொடுத்துடலாம்" என்பார்கள். கொடுத்தால் பாட்டுக்கு அடியில் ரேடியோவின் இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும்.

பட்டன் வால்யூம் செட்டில் அந்த வேலையைச் செய்வது ஒரு ஆடியோ பிராசசர் ஐசி. அதன் டேப் இன்புட்டில் கொடுக்க வேண்டும். அந்த இன்புட்டில் சில வோல்ட் டிசி நிற்கும் என்பதால் சேனலுக்கு ஒன்றாக 2.2 முதல் 4.7 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் தொடரில் வேண்டும், பிளஸ் கால் ஐசி பக்கம். இந்த இடத்தில் கொடுத்தால் செட் டேப் மோடில் இருந்தால்தான் பாடும். அதற்கு உள்ளே ஒரு கேசட் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும், ஒலிப்பதிவு இல்லாத கேசட் ஒன்று போதும். டெக் செத்துவிட்ட செட்டானால் டியூனர் இன்புட்டைத் தேர்ந்தெடுத்து அங்கே ஜாக்கைப் போடச் சொல்லுங்கள்.

ஒயர் விஷயத்தில் கறாராக இருங்கள். மேசையில் கிடக்கும் பழைய இயர்போனை வெட்டி ஒயர் எடுப்பது வழக்கம். அந்த இழைகள் மேல் வார்னிஷ் பூச்சு இருக்கும், சரியாகப் பற்றாது, இரைச்சலைத் தடுக்கும் ஷீல்டும் கிடையாது. ஒரு மீட்டர் ஷீல்டட் ஆடியோ கேபிள் வாங்கிக்கொண்டு போய்விடுங்கள். இரண்டு முனையும் மூன்று வளைய பிளக்காக இருக்கும் ஹெட்செட் கேபிள் வேண்டாம், மைக் வளையம் கிரவுண்டு வரும் இடத்தில் மாட்டிக்கொண்டு பாட்டு குழம்பும். ஒரே ஸ்பீக்கர் உள்ள அம்பாசடர் கால மோனோ செட் என்றால் இடது, வலதை நேராக முறுக்கிச் சேர்க்கக் கூடாது. ஒவ்வொன்றிலும் 1 கிலோஓம் ரெசிஸ்டர் போட்டு அதற்குப் பிறகு சேர்க்க வேண்டும். இல்லையென்றால் போனின் இரண்டு அவுட்புட்டும் ஒன்றோடொன்று மோதும்.

கடலோர ஊர் என்பதையும் மறக்காதீர்கள். உப்புக் காற்றில் செட்டின் சேசிஸ் கிரவுண்டு, ஏரியல் பிளக், ஃபியூஸ் ஹோல்டர் எல்லாம் பச்சை பூத்திருக்கும். செட் திறந்திருக்கும்போதே இவற்றைச் சுரண்டிச் சுத்தம் செய்துவிடச் சொல்லுங்கள்.

வண்டியில் மாட்டியதும் இன்ஜினை ஸ்டார்ட் செய்து, போனை சார்ஜரில் போட்டபடி பாட்டு வையுங்கள். ஆக்சிலரேட்டருக்கு ஏற்ற மாதிரி ஒரு ஊளைச் சத்தம் ஏறி இறங்கினால், சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றால் அது கிரவுண்டு லூப். சார்ஜர் வழியாக ஒன்று, ஆடியோ கேபிள் வழியாக ஒன்று என இரண்டு கிரவுண்டு பாதைகள் ஆகிவிட்டன. கேபிளில் ஒரு கிரவுண்டு லூப் ஐசொலேட்டர் போட்டால் சரியாகும். மலிவானதில் பேஸ் சற்றுக் குறையும்.

ஹெட்போன் ஓட்டை இல்லாத போன் என்றால் புளூடூத் போர்டு ஒன்றை உள்ளேயே வைத்துவிடலாம். இங்கேயும் இரண்டு கண்ணி. போர்டுக்கு 5 வோல்ட் எடுக்க 7805 என்ற ரெகுலேட்டர் ஐசி போடுவார்கள். இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட், போர்டு 0.3 ஆம்பியர் எடுத்தாலும் 2.7 வாட் சூடாகவே போகும், மே மாத வெயிலில் மூடிய டேஷ்போர்டுக்குள் அது தாங்காது. அதிகம் சூடாகாமல் வோல்ட்டைக் குறைக்கும் பக் கன்வர்ட்டர் போடச் சொல்லுங்கள். அப்படியும் போர்டிலிருந்து டிக் டிக் சத்தம் வந்தால், அந்த 5 வோல்ட்டுக்கும் போர்டுக்கும் நடுவே, இரண்டு பக்கக் கிரவுண்டையும் பிரித்து வைக்கும் பி0505எஸ் மாதிரி ஐசொலேட்டட் கன்வர்ட்டர். அது 1 வாட்தான், 200 மில்லிஆம்பியருக்கு மேல் இழுக்கும் போர்டுக்கு ஆகாது.

இரண்டாவது கண்ணி, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கென்றே வைத்தது. போர்டின் பவரை செட்டின் சிவப்பு ஒயரில், அதாவது சாவி போட்டால் மட்டும் வரும் லைனில் எடுக்க வேண்டும், 1 ஆம்பியர் ஃபியூஸோடு. மஞ்சள் ஒயரில் எடுத்தால் அது எப்போதும் பேட்டரியில். 20 மில்லிஆம்பியர் என்றாலும் ஒரு நாளைக்கு அரை ஆம்பியர்-அவர் போகும். 35 ஆம்பியர்-அவர் பேட்டரியில் பாதி, ஐந்து வாரத்தில் காலி. விமானம் ஏறும் முன் மெக்கானிக்கிடம் கேட்காதீர்கள், சாவியை உருவிவிட்டு போனில் புளூடூத் லிஸ்ட்டைத் தேடிப் பாருங்கள். போர்டின் பெயர் இன்னும் தெரிந்தால் ஒயர் மஞ்சளில் இருக்கிறது.