பாறசாலை பிரேம் கடை: அப்பா இல்லாத இரண்டு படங்கள்

களியக்காவிளை தாண்டி பாறசாலை போகிற வழியில் உள்ள சின்னக் கடை. வாசலில் லட்சுமியும் சரஸ்வதியும் கல்யாண போட்டோக்களும்தான் தொங்கும், ஆனால் கேட்டால் ரவிவர்மா ஓவியங்களை கேன்வாஸில் பிரிண்ட் போட்டுத் தருகிறார்கள். நான் கொடுத்தது 1893-இல் அவர் வரைந்த ‘அதோ அப்பா வருகிறார்’, கூடவே பாட்டி வீட்டுப் பழைய குரூப் போட்டோ.

பிரிண்ட் அருமை. மலிவு பிரிண்டில் முகமெல்லாம் மஞ்சளடிக்கும், இதில் அது இல்லை. ஆனால் கையிருப்பு பிரேமுக்குள் அடக்க இடது ஓரத்தை வெட்டப் பார்த்தார்கள். “அங்க சும்மா இடம்தானே அண்ணாச்சி” என்றான் பையன். அடேய், விஷயமே அங்கேதான் இருக்கிறது! ரவிவர்மாவின் மகள் மகாபிரபா குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம்தான் பார்க்கிறாள், வருகிற அப்பா படத்திலேயே கிடையாது. சகோதரி பிள்ளைகளான மருமக்களுக்குச் சொத்து போகிற மருமக்கள்வழிக் குடும்பத்தில் அப்பா வந்துபோகிறவர், அதிகாரமெல்லாம் தாய்மாமனுக்கு. அப்படிப்பட்ட ஊரில் அப்பாவுக்காகக் காத்துநிற்கிற வீட்டை வரைந்திருக்கிறார் மனுஷன். அந்த மகாபிரபாவின் மகள் சேதுலட்சுமிபாய் திருவிதாங்கூரை ஆண்டபோதுதான் 1925-இல் நாயர் சட்டம் வந்து தறவாட்டுச் சொத்தை, அதாவது கூட்டுக் குடும்பச் சொத்தை, பிரிக்க வழிவிட்டது, அடுத்த வருஷமே நம் நாஞ்சில் நாட்டு வெள்ளாளருக்கும் ஒரு சட்டம். கவிமணி தன் பாட்டில் மருமக்கள்வழியை ஏன் அந்தக் கிழி கிழித்தார் என்பது எங்கள் குரூப் போட்டோவைப் பார்த்தாலே தெரியும்: நாற்காலியில் காரணவர், அதாவது பாட்டியின் மாமா, முழங்காலில் கையை ஊன்றி, கீழே தரையில் மருமக்கள். பாட்டியின் அப்பாவைக் காணோம், அவர் தன் அக்கா வீட்டில் இருந்திருப்பார்.

செல்லரித்த ஓரங்களைக் கம்ப்யூட்டரில் சுத்தமாகச் சரிசெய்துவிட்டார்கள். கூடவே கேட்காத ஒரு வேலை. ஆறேழு வயசுப் பாட்டி கேமராவைப் பார்க்காமல் ஓரக்கண்ணால் மாமாவின் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள், அந்தக் கண்ணை நேராகத் திருப்பி, கன்னத்தையும் வழவழப்பாக்கி வைத்திருந்தார்கள். எனக்கு வந்ததே கோபம். நல்லவேளை, மூலப் படத்தை வைத்திருந்தார்கள், முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார்கள், அதற்குத் தனிக் காசும் வாங்கவில்லை.

இரண்டும் சேர்த்து 2,400 ரூபாய். தேக்கு பிரேம் என்று சொல்வதை நம்ப வேண்டாம், ரப்பர் மரத்துக்குச் சாயம் பூசியதுதான், ஆனால் மூலை இணைப்பு கச்சிதம். பின்பக்க அட்டை மட்டும் மட்டம். நம்ம ஊர் மழைக்கு ஊறிவிடும், பிளைவுட் போடச் சொல்லுங்கள். பழைய போட்டோ கொடுப்பவர்கள் ‘முகத்தில் கை வைக்காதே’ என்று ரசீதிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.