சிறு வடிவமைப்பாளருக்கு எந்த கேட் (CAD, கணினிவழி வடிவமைப்பு) மென்பொருள்: ஃப்யூஷன், ஆன்ஷேப், ஃப்ரீகேட்

விற்பனைக்கென ஒரு பொருளை வடிவமைப்பவர் மென்பொருளின் விலையைப் பார்க்கும் முன் அதன் உரிம நிபந்தனையைப் படிப்பது நல்லது. இலவசமாகக் கிடைக்கும் இம்மூன்றில் இரண்டு, வணிகப் பயன்பாட்டுக்கு இலவசமல்ல.

ஆட்டோடெஸ்க் ஃப்யூஷன் மூன்றிலும் கைக்கு எளிதில் பழகுவது. ஆனால் அதன் தனிநபர் உரிமத்தில் ஒரே சமயத்தில் 10 கோப்புகளை மட்டுமே திருத்தலாம். சலுகைகளும் நிலையானவை அல்ல: 2020-இல் இலவசப் பயனர்களுக்கு ஸ்டெப் (STEP, மற்ற கேட் மென்பொருள்களிலும் திறக்கும் கோப்பு வகை) ஏற்றுமதியை நிறுத்துவதாக அறிவித்த நிறுவனம், எதிர்ப்பு கிளம்பிய பிறகே பின்வாங்கியது.

ஆன்ஷேப் உலாவியிலேயே இயங்குவதால் நிறுவும் வேலை இல்லை. பலர் ஒரே கோப்பில் சேர்ந்து வேலை செய்ய இதற்கு நிகரில்லை. எனினும் இலவசத் திட்டத்தில் உருவாக்கும் கோப்புகள் அனைத்தும் எவரும் பார்க்கும்படி பொதுவில் இருக்கும். இந்தியாவின் 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டப்படி, விண்ணப்பிக்கும் முன்பே பொதுவெளியில் வெளியான வடிவத்தைப் பதிவுசெய்ய இயலாது என்பதால், புதிய பொருள் செய்பவருக்கு இது சிறிய குறையல்ல.

ஃப்ரீகேட் திறமூல மென்பொருள். அதில் வரைந்ததை எந்தத் தடையுமின்றி விற்கலாம். நெடுங்காலம் அதைப் பலர் ஒதுக்கியதற்கும் நியாயமான காரணம் இருந்தது. ஒரு மின்னணுச் சாதனத்தின் பிளாஸ்டிக் பெட்டியை வரைந்து, கூரான விளிம்புகளை மழுக்கி வளைவாக்கி, திருகுத் தூண்களையும் வைத்து முடித்த பின், ஆரம்ப ஸ்கெட்சில் (உருவத்துக்கு அடிப்படையான தட்டை வரைபடத்தில்) ஒரு துளையைச் சேர்த்தால், முகங்களுக்கும் விளிம்புகளுக்கும் மென்பொருள் தானாக இட்டிருந்த பெயர்கள் இடம் மாறி, வளைவு வேறொரு விளிம்பில் போய் ஒட்டிக்கொள்ளும், அல்லது மாதிரியே உடைந்துபோகும். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பு இச்சிக்கலைப் பெருமளவு குறைத்ததோடு, பாகங்களைப் பொருத்திப் பார்க்கும் வசதியையும் உள்ளேயே தந்தது. சிக்கலான மூலைகளில் வளைவு கொடுப்பதில் மட்டும் அது இன்றும் முரண்டுபிடிக்கிறது.

ஆகவே பெட்டி, தாங்கி, ஜிக் (வேலையின்போது பொருளைப் பிடித்து வழிகாட்டும் துணைக்கருவி) போன்றவற்றுக்கு ஃப்ரீகேட் தாராளமாகப் போதும் என்பது என் முடிவு. கைப்பிடி போல வளைவுகள் நிறைந்த உருவமானால், தேவைப்படும் மாதத்துக்கு மட்டும் ஃப்யூஷனுக்குச் சந்தா கட்டுவது சிக்கனம். எதில் தொடங்கினாலும், பின்னால் மாறிக்கொள்ளலாம் என்று எண்ணுபவர் ஒன்றைக் கணக்கில் கொள்ள வேண்டும்: ஸ்டெப் கோப்பு பொருளின் உருவத்தை மட்டுமே சுமந்து செல்லும், அதை உருவாக்கிய ஸ்கெட்சுகளும் படிநிலைகளும் பழைய மென்பொருளிலேயே தங்கிவிடும்.