குடியாத்தத்தில் வாங்கிய ஆக்சிடைஸ்டு கஞ்சி மாவு: பருத்திப் பாவுக்கு மட்டும்

பாவுக்கு, அதாவது தறியில் நீளவாட்டில் ஓடுகிற நூலுக்கு, நெய்வதற்கு முன் தடவுகிற கஞ்சிக்கான மாவு இது. அறுபதாம் நம்பர், எண்பதாம் நம்பர் பருத்தி நூலில் (நம்பர் கூடக் கூட நூல் மெலிசு) கைத்தறி லுங்கி நெய்கிறவர்கள் தாராளமாக வாங்கலாம். சாயமும் தறிச் சாமானும் விற்கிற கடையில் வாங்கினேன். மக்காச்சோள மாவை ஹைப்போகுளோரைட் போட்டு ஆக்சிடைஸ் செய்தது. சாதா மாவைவிட விலை கூடத்தான்.

கொடுக்கிற காசு கஞ்சியின் பதத்துக்கு. பத்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ சாதா மாவு போட்டால் களி கிண்டியது மாதிரி ஆகிவிடும். இது அதே அளவில் கரண்டியிலிருந்து ஒழுகுகிறது. ஹைப்போகுளோரைட் மாவின் நீளச் சங்கிலிகளை வெட்டிவிடுகிறது. கூடவே உண்டாகிற கார்பாக்சில் தொகுதிகள், கஞ்சி ஆறும்போது சங்கிலிகள் மறுபடி சேர்ந்து உறையவிடாமல் பார்த்துக்கொள்கின்றன. விடியற்காலையில் தெருவில் பாவை நீட்டி இந்த முனையிலிருந்து அந்த முனைக்குத் தடவிப் போவதற்குள் சாதா கஞ்சி சட்டியிலேயே ஆடை கட்டும், இது கட்டவில்லை. இழைக்குள்ளும் இறங்குகிறது. தறியில் ஏற்றிய பிறகு அச்சுக்கு (பாவு இழைகள் நுழைந்து வருகிற சீப்பு) கீழே உதிர்கிற வெள்ளைத் தூள் நன்றாகவே குறைந்திருக்கிறது. பாவு இழைகளை ஏற்றி இறக்குகிற விழுதில் இழை அறுவதும் குறைவு. சோற்றுக் கஞ்சியைத் தவிர எதையும் ஒத்துக்கொள்ளாத என் மாமியாரே பாவைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

பச்சைத் தண்ணீரில் கரைகிற மாவும் உண்டு, கார்பாக்சிமெத்தில் வகை. இது அதுவல்ல, கட்டியில்லாமல் கரைத்துக் கொதிக்கவைத்தே ஆகவேண்டும். கண்ணாடி மாதிரித் தெளிந்தால் பதம். இறக்கும்போது கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விடுகிறேன்.

இனி குறை. "அண்ணே, பாலியஸ்டர் கலந்த நூலுக்கு ஓடுமா?" என்று கேட்டதற்கு, "எல்லாத்துக்கும் ஓடும்மா, தைரியமா எடுத்துட்டுப் போ" என்றார் கடைக்காரர். ஓடவில்லை. பஞ்சும் மாவும் குளுக்கோஸால் ஆனவை, ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். பாலியஸ்டரில் அந்தப் பிடிப்பு கிடையாது. பாவு முழுக்கப் பிசிறு எழும்பியது. அதற்கு பிவிஏ (பாலிவினைல் ஆல்கஹால்) அல்லது அக்ரிலிக் பசை கலக்க வேண்டும். விற்கிறவருக்கு இது தெரியாமலா இருக்கும்?

கத்திரி வெயிலில் எந்தக் கஞ்சியும் முறுகும், இதுவும் முறுகுகிறது. குழித்தறிக்காரர்கள் சமாளித்துவிடலாம், குழியில் ஈரம் நிற்கும். மேடைத்தறி என்றால் தறிக்கடியில் நனைத்த சாக்கு போடுங்கள்.

இன்னொன்று, துணி மெத்தென்று வருகிறது. கட்டுகிறவருக்கு சுகம்தான், முதல் அலசிலேயே கஞ்சியும் சுலபமாகப் போய்விடும். ஆனால் லுங்கி எடுக்கிற வியாபாரி விரலால் சுண்டிப் பார்த்து, "மொடமொடப்பே இல்லையே" என்று விலையைக் குறைக்கப் பார்த்தார். அவருக்குப் போகிற பாவில் மட்டும் இப்போது கால்வாசி சோற்றுக் கஞ்சி கலந்துவிடுகிறேன்.

பையில் தயாரித்த தேதி இல்லை. மூட்டையாக எடுத்தால் கிலோவுக்குக் குறையும் என்பார்கள், எடுக்காதீர்கள். ஐப்பசி மழையில் ஈரம் ஏறிக் கட்டி தட்டிவிடும்.