அரியாலைக் கொட்டிலில் ஒரு சின்ன லேத்: ஆறு வருடப் பாவனை

உலோகத்தைச் சுழற்றிக் கடையும் லேத் இயந்திரம் வந்து இறங்கிய அன்றே ஒரு எண்பது பக்கக் கொப்பியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். திகதி, அன்று என்ன கடைந்தேன், அளவு எவ்வளவு பிசகியது, எதை இறுக்கினேன், எங்கே எண்ணெய் விட்டேன் என்று ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று வரி எழுதுவேன். இப்போது மூன்றாவது கொப்பி ஓடுகிறது. வீட்டில் லேத் வைத்திருப்பவர்களுக்கும் வாங்க நினைப்பவர்களுக்கும் உதவட்டும் என்று அதிலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

வாங்கியது 2019 ஆவணியில். ‘ஏழுக்குப் பதினாலு’ என்று சொல்லும் ரகம். 7 அங்குல விட்டம் வரையான துண்டு சுழலும், இரு முனையையும் தாங்கும் இரண்டு சென்டருக்கும் இடையில் 14 அங்குல நீளம் பிடிக்கும். சீனாவில் வார்த்து, பல நிறங்களில் பல பெயர்களில் விற்கப்படும் அதே இயந்திரம். நிறை கிட்டத்தட்ட 40 கிலோ, இரண்டு பேர் தூக்கலாம். கொழும்பிலிருந்து லொறியில் வந்ததை யாழ்ப்பாணத்தில், அரியாலையில் எங்கள் பின்வளவுக் கொட்டிலில் வைத்தேன். கடல் நடந்து போகிற தூரம். இந்தக் கடல் என்ன செய்யும் என்று பிறகு சொல்கிறேன்.

பெட்டியைத் திறந்ததும் சுவிட்சைப் போட்டுப் பார்க்க எல்லோருக்கும் ஆசை வரும். தயவுசெய்து போடாதீர்கள். இயந்திரம் முழுக்கச் சிவப்பாகக் களி போல ஒரு கிறீஸ் அப்பியிருக்கும். ஓடுவதற்கான கிறீஸ் அல்ல அது, கப்பலில் துருப்பிடிக்காமல் வரப் பூசியது. மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைத்தபோது துணியில் மினுங்குகிற கறுப்புத் தூள் வந்தது. விரல்களுக்கு இடையில் உரஞ்சிப் பார்த்தேன், நறநற என்றது. தொழிற்சாலையில் கிரைண்டர் போட்ட தூள். அதோடு ஓடவிட்டால் நீளமான அடிப்பாகமான பெட்டும் அதன் மேல் ஓடும் கரேஜும் ஒன்றையொன்று அரைத்துவிடும். கரேஜ், அதன் மேல் வெட்டும் டூலை நகர்த்தும் கிராஸ் ஸ்லைட், மேல் ஸ்லைட் எல்லாவற்றையும் கழற்றிக் கழுவி, கூரான ஓரங்களைச் சின்ன அரத்தால் மெல்லத் தட்டி, எண்ணெய் பூசித் திரும்பப் பூட்ட மூன்று நாள் எடுத்தது. அந்த மூன்று நாளில்தான் இயந்திரத்தின் உள்ளமைப்பு எனக்கு விளங்கியது.

முதல் பெரிய பிரச்சினை, பார்ட்டிங் போடும்போது, அதாவது இரும்பைக் குறுக்கே அறுத்துத் துண்டாக்கும்போது, வந்த அதிர்வு. 25 மி.மீ. இரும்பை வெட்டத் தொடங்கினால் கொட்டில் முழுக்க அதிரும், வெட்டின முகம் மீன் செதில் போல வரி வரியாக வரும். சுழலும் தண்டான ஸ்பிண்டிலின் பெயரிங்தான் காரணம் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். இந்த ரகத்தில் சாதாரண 6206 பந்து பெயரிங் இரண்டு இருக்கும். அதை எடுத்துவிட்டு 30206 கூம்பு உருளை பெயரிங் போடுவது பலர் செய்கிற மாற்றம். உள் விட்டம் 30, வெளி விட்டம் 62, இரண்டும் ஒன்றுதான். ஆனால் அகலம் 16 அல்ல, 17.25 மி.மீ. அந்த ஒன்றேகால் மில்லிமீற்றருக்காக ஸ்பிண்டிலில் உள்ள ஸ்பேசர் வளையத்தைக் குறைக்க வேண்டும். லேத்தைக் கழற்றிப் போட்ட பிறகு ஸ்பேசரை எங்கே கடைவது? இதை முன்கூட்டி யோசிக்காததால், ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோய்க் கடைந்து வாங்க வேண்டியதாயிற்று. மாற்ற நினைப்பவர்கள், ஸ்பேசரைக் கடைந்து வைத்துக்கொண்டு பிறகு கழற்றுங்கள். இன்னொன்றும் உண்டு. கூம்பு பெயரிங்குக்கு மூடி இல்லை, இரும்புச் சீவல் நேரே உள்ளே போகும். வெளியே ஒரு தடுப்பு வொசர் செய்து போட வேண்டும்.

எல்லாம் பூட்டி ஓடவிட்டால், பத்து நிமிடத்தில், ஸ்பிண்டில் இருக்கும் ஹெட்ஸ்டொக்கில் கை வைக்க முடியாத சூடு. பெயரிங் நட்டை அளவுக்கு மீறி இறுக்கிவிட்டேன். கொஞ்சம் தளர்த்தி, நடு வேகத்தில் அரை மணிநேரம் ஓடவிட்டு, தொட்டுப் பார்த்து, திரும்பச் சிறிது இறுக்கி, இப்படி நாலு முறை செய்த பிறகுதான் சரியான இடம் வந்தது. அரை மணிநேர ஓட்டத்துக்குப் பிறகு உள்ளங்கையை வைத்தால் வைத்தபடியே இருக்க முடிய வேண்டும், அதுதான் கணக்கு. பிறகு பார்ட்டிங் போட்டுப் பார்த்தேன். அதே அதிர்வு.

எங்கள் ஒழுங்கையில் ஒரு ஐயா இருக்கிறார். காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையில் 1990இல் அது மூடும் வரை இயந்திரப் பகுதியில் வேலை செய்தவர். அவரைக் கூட்டி வந்து காட்டினேன். முழுக் கதையையும் கேட்டுவிட்டு, “கழட்டினது சரி தம்பி. கழட்ட முதல் அளந்தனீரோ?” என்றார். நான் அளக்கவில்லை. மிகச் சிறிய அசைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜை எடுத்து, அதன் நுனியை, துண்டைப் பிடிக்கும் சக்கின் விளிம்பில் வைத்தார். சக்கில் ஒரு கம்பியைப் பிடித்து மேலே நெம்பினார், முள் ஒரு கோடு அசைந்தது, 0.01 மி.மீ. அடுத்து டயல் கேஜை, டூலைப் பிடிக்கும் டூல் போஸ்டுக்கு மாற்றி, கையால் மட்டும் தள்ளினார். முள் பன்னிரண்டு கோடு ஓடித் திரும்பியது. மேல் ஸ்லைட்டை ஆடாமல் பிடிக்கும் கிப் தகடு தளர்ந்து கிடந்தது. நல்ல பெயரிங்கை நான் வீணாக மாற்றியிருக்கிறேன் என்று அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது.

கிப் திருகுகளை ஒவ்வொன்றாக, ஸ்லைட் தடையில்லாமல் ஓடும் எல்லை வரை இறுக்கி, நட்டால் பூட்டினோம். கரேஜுக்கு அடியில் பிடித்திருக்கும் தகடுகளும் தளர்வு. அங்கே உள்ள தள்ளு திருகும் இழு திருகும் ஒன்றுக்கொன்று மல்லுக்கட்டி அடிக்கடி குலையும். அவற்றை நம்பாமல், குளிர்பான ரின்னை வெட்டி எடுத்த தகட்டை இடையில் வைத்தேன். அந்தத் தகடு ஏறக்குறைய 0.1 மி.மீ. கனம், ஆணிக்குத் துளை போட்டால் அப்படியே உட்காரும். ஐந்து வருடமாக அசையவில்லை.

டூலின் உயரத்தைப் பார்க்கவும் ஐயாதான் சொல்லித் தந்தார். ஆறு அங்குல உருக்கு அடிமட்டத்தைச் சக்கில் உள்ள உருண்டைக் கம்பிக்கும் டூல் நுனிக்கும் நடுவில் வைத்து மெல்ல நெரிக்க வேண்டும். அடிமட்டம் நேரே நின்றால் டூல் சென்டரில் இருக்கிறது. தலை நம் பக்கம் சரிந்தால் டூல் தாழ்வு, அந்தப் பக்கம் சரிந்தால் உயரம். பார்ட்டிங் டூலுக்கு இதை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். அதிர்வு போய்விட்டது.

இரண்டாவது பிரச்சினைக்கு விடை காண ஒரு வருடத்துக்கு மேல் போனது. கடைந்த தண்டு ஒரு முனையில் பருத்து மறு முனையில் மெலிந்து வந்தது, கூம்பாக. தண்டின் மறு முனையைத் தாங்கும் டெயில்ஸ்டொக் விலகியிருந்தாலும் கூம்பு வரும், ஹெட்ஸ்டொக் திரும்பியிருந்தாலும் வரும், பெட் முறுகியிருந்தாலும் வரும். முதலில் டெயில்ஸ்டொக்கைக் கணக்கிலிருந்து நீக்க வேண்டும். 25 மி.மீ. தண்டைச் சக்கில் மட்டும் பிடித்து, நடுவை ஒடுக்கி, 100 மி.மீ. இடைவெளியில் இரண்டு வளையங்களை விட்டுவிடுங்கள். கிராஸ் ஸ்லைட் டயலைத் தொடாமல், இரண்டு வளையத்தையும் ஒரே ஓட்டத்தில் மெல்லியதாக, 0.05 மி.மீ.க்கு மேல் போகாமல் சீவுங்கள். ஆழமாக வெட்டினால் தண்டே வளைந்து கொடுத்து அளவு பொய் சொல்லும். பிறகு இரண்டையும் மைக்ரோமீட்டரால் அளந்தால் வித்தியாசம் தெரியும்.

2020 கார்த்திகையில் வெளி முனை 0.07 மி.மீ. பருமன். ஹெட்ஸ்டொக்கின் அடி ஆணிகளைத் தளர்த்தி, கடுதாசி கனத்துக்குத் தகடு வைத்துத் திருத்தினேன். தைக்கு வரும்போது திசை மாறி எதிர்ப்பக்கம் கூம்பு. தகட்டை எடுத்தேன். ஆடியில் 0.01தான், அருமையாக நேர். 2021 கார்த்திகையில் திரும்பவும் 0.06. இரண்டு கார்த்திகையையும் கொப்பியில் அடுத்தடுத்துப் பார்த்தபோதுதான் பொறி தட்டியது. மாரி வந்தால் கூம்பு வருகிறது, கோடையில் போய்விடுகிறது. இரும்புக்கு மாரி தெரியாது, மரத்துக்குத்தான் தெரியும்.

லேத் நின்றது பனைப் பலகையில். பழைய வீடு பிரித்தபோது கிடைத்த இரண்டு அங்குலக் கனப் பலகை, வைரம் பாய்ந்தது. அதைவிட உறுதியான மரம் எங்கள் ஊரில் இல்லை என்ற நம்பிக்கையில்தான் வைத்தேன். உறுதி வேறு, ஈரத்துக்கு அசையாமல் இருப்பது வேறு. பெட்டின் மேல் டயல் கேஜை வைத்துக்கொண்டு அடி ஆணிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினேன். முன் வலது ஆணி தளர்ந்ததும் முள் துள்ளியது. அந்தக் காலுக்கு அடியில் இடைவெளி அளக்கும் 0.25 மி.மீ. ஃபீலர் தகடு தடையில்லாமல் போனது. மழை ஈரத்தில் பலகை வளைந்து, ஆணியோடு சேர்த்துப் பெட்டையும் முறுக்கியிருக்கிறது. இந்தச் சின்ன லேத்தின் பெட், ஆணியின் இழுப்புக்கே முறுகுகிற அளவு மெலிவு.

2022 தொடக்கத்தில் பலகையை எடுத்துவிட்டு, கம்பி கட்டி நாலு அங்குலக் கொங்கிரீட் மேசை வார்த்தேன். ஒரு மாதம் காயவிட்டு லேத்தை வைத்தேன். ஆணியை இறுக்க முதல் நாலு காலுக்கும் அடியில் ஃபீலர் விட்டுப் பார்த்து, இடைவெளி உள்ள இடத்தில் தகடு வைத்த பிறகே இறுக்கினேன். அதற்குப் பிறகு வந்த மாரிகளில் 0.02 மி.மீ.ஐத் தாண்டவில்லை. இந்த இயந்திரத்துக்கு நான் செலவழித்த காசில் மிகவும் பிரயோசனமான காசு அந்தக் கொங்கிரீட்டுக்குப் போனதுதான்.

அதே வருடம் மின்சாரம் படுத்திய பாடு இலங்கையில் எல்லோருக்கும் தெரியும். பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை கரண்ட் இல்லை. போய் வந்து போய் வந்த ஒரு பின்நேரம், மோட்டரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்சுற்றுப் பலகை போய்விட்டது. இப்படி லேத் திடீரென்று நின்றால் பலகையில் முதலில் கை வைக்காதீர்கள். பியூஸ், பிறகு மோட்டரின் கரி பிரஷ், பிறகு அவசர சுவிட்ச், சக் மூடியின் சுவிட்ச், வேகம் கூட்டும் குமிழ், கடைசியில்தான் பலகை. பிளக்கைக் கழற்றின கையோடு பெட்டியைத் திறக்கவும் வேண்டாம். 230 வோல்ட் மின்சாரம் உள்ளே நேர்மின்னாக மாறும்போது கொள்ளளவிகளில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும், அடித்தால் உயிருக்கு ஆபத்து. சில நிமிடம் பொறுத்து, மீட்டரால் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

என்னுடையதில் பியூஸ் கறுத்து, ஒரு டிரான்சிஸ்டர் வெடித்திருந்தது. பலகைக்குப் பின்னால், உள்ளே விழுந்த ஒரு பித்தளைச் சீவல் சுருளும் கிடந்தது. இறக்குமதிக் கட்டுப்பாட்டில் புதுப் பலகை வந்து சேர ஐந்து மாதம் ஆனது. இப்போது பெட்டியின் இடைவெளிகளைச் சைக்கிள் ரியூப் துண்டால் அடைத்திருக்கிறேன். கரண்ட் வந்ததும் சில நிமிடம் தாமதித்துக் கொடுக்கும், குளிர்சாதனப் பெட்டிக்குப் போடுகிற பிரிட்ஜ் கார்ட் வழியாகத்தான் லேத் ஓடுகிறது. கரண்ட் போனால் முதல் வேலை, குமிழைப் பூச்சியத்துக்குத் திருப்புவது.

இனிக் கடல். கச்சான் காற்று வீசும் மாதங்களில் உப்பும், மாரியில் ஈரமும். முதல் வருடம் பிளாஸ்டிக் சீலையால் மூடி வைத்தேன், உள்ளே வியர்த்து பெட் முழுக்கச் செம்புள்ளி. இப்போது பழைய பருத்தி வேட்டிதான் மூடுவது. மாரியில் அதற்குள்ளே ஒரு சின்னக் குண்டு பல்ப் எரியும், அந்தச் சூடு போதும். கைவியர்வையும் துருதான். சக்கைத் தொட்ட இடத்தில் மறுநாள் விரல் ரேகை சிவப்பாக நிற்கும். வேலை முடிந்ததும் துடைத்து 68ஆம் இலக்கச் ஸ்லைட் எண்ணெய் பூசாமல் கொட்டிலை விட்டு வெளியே வருவதில்லை. சிலர் தேங்காய் எண்ணெய் பூசுகிறார்கள். மரை வெட்டும்போது ஒரு சொட்டு விட நல்லது, ஆனால் பெட்டில் பூசினால் நாளாகப் பிசின் போலாகி ஸ்லைட்டை ஒட்டிப் பிடிக்கும்.

வெட்டும் எண்ணெய்யைத் தண்ணீரில் கலப்பவர்கள் கிணற்றுத் தண்ணீரை விட்டுவிடுங்கள். எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்துத் தண்ணீர், கேத்தலில் படியும் வெள்ளைக் கல்லைப் பார்த்தாலே தெரியும். எண்ணெய் அதில் பிரிந்து மேலே மிதக்கும். பீலியில் பிடித்து வடித்த மழைத் தண்ணீரில் ஒன்றுக்கு இருபது என்று கலந்தால் பால் போல நிற்கும். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய், பித்தளைக்கும் வார்ப்பிரும்புக்கும் ஒன்றும் வேண்டாம். வார்ப்பிரும்பு கடையும் அன்று மட்டும் பெட்டைக் கடுதாசியால் மூடுங்கள், அந்தத் தூள் அரைத்துத் தள்ளும்.

பிளாஸ்டிக் பல்லுச் சக்கரங்களைக் குறை சொல்கிறார்கள். கரேஜ் சக்கில் மோதிய அன்று எனக்கு உடைந்தது ஒரு சக்கரம்தான், கரேஜை இழுக்கும் நீளத் திருகான லீட்ஸ்குரூவும் அதைப் பற்றும் ஹாஃப் நட்டும் தப்பின. ஆகவே உலோகத்துக்கு மாற்றவில்லை, ஒரு சோடி மேலதிகமாக வாங்கி வைத்திருக்கிறேன்.

சாரம், தொங்கும் சேர்ட் கை, கையுறை எதோடும் லேத்துக்குக் கிட்டப் போகாதீர்கள். சக் சாவியைச் சக்கில் விட்டபடி கையை எடுக்காதீர்கள். சின்ன லேத் என்றாலும் துணியைச் சுற்றினால் கையையும் சேர்த்துத்தான் இழுக்கும்.

திரும்ப வாங்குவேனா என்றால், வாங்குவேன். ஐந்தாறு சென்டிமீற்றருக்கு உட்பட்ட புஷ், தண்டு, பின் எல்லாம் 0.02க்குள் வருகிறது. அயலில் தோட்டம் செய்கிறவரின் தண்ணீர் இறைக்கும் மெஷினுக்கு 2023இல் கடைந்து கொடுத்த புஷ் இன்னும் ஒழுகாமல் ஓடுகிறது. கனத்த இரும்பு வேலைக்கு இது பத்தாது, அதற்குப் பட்டறைதான்.

இப்போது லீட்ஸ்குரூவின் வலது முனையில் ஒரு கரகரப்பு. அங்கே பெயரிங் இல்லை, வெறும் துளைதான். டயல் கேஜ் 0.15 மி.மீ. ஆட்டம் காட்டுகிறது. பித்தளைப் புஷ் கடைந்து வைத்துவிட்டேன், தாங்கியைக் கழற்ற இன்னும் கை வைக்கவில்லை. அடுத்த ஞாயிறு ஐயா வருகிறேன் என்றிருக்கிறார்.