வெளியே வராத பிரேக் டிரம்: சுத்தியலா, எண்ணெயா, தள்ளு போல்ட்டா?

பின்சக்கரம் கழன்றுவிட்டது, டிரம் மட்டும் அசையவில்லை. சுத்தியலைத் தேடுவதற்கு முன் ஹேண்ட் பிரேக் விடுபட்டிருக்கிறதா, முன்சக்கரங்களுக்கு முட்டு இருக்கிறதா, வண்டி ஜாக்கை நம்பாமல் ஸ்டாண்டில் நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு டிரம்மை இரு கையாலும் வெளிப்பக்கம் இழுங்கள். மயிரிழைகூட நகரவில்லை என்றால் டிரம் உட்காரும் நடுக்குடமான ஹப்பில் துரு கட்டியிருக்கிறது. சில மில்லிமீட்டர் வந்து நின்றுவிட்டால் கோளாறு வேறு: தேய்ந்த டிரம்மின் உள்ளே வரப்பு போல ஒரு விளிம்பு நின்று, ஷூவை (டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிரேக் பிடிக்கும் வளைந்த கட்டையை) பிடித்துக்கொண்டிருக்கிறது.

விளிம்பு பிடித்த டிரம்மை எந்த முறையில் இழுத்தாலும் நஷ்டம்தான். ஷூவைத் தாங்கும் ஊசி வளையும், ஷூ மேல் ஒட்டிய உராய்வுப் பட்டையான லைனிங் பெயரும். ஷூவை உள்ளே சுருக்குவதுதான் வழி. டிரம்முக்குப் பின்னால் உள்ள தகட்டில் ரப்பர் மூடியை எடுத்து, மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் அட்ஜஸ்டரின் (ஷூவை விரித்துச் சுருக்கும் அமைப்பின்) நெம்புகோலை விலக்கிப் பிடித்தபடி, இன்னொன்றால் பல்சக்கரத்தைப் பத்துப் பதினைந்து பல் தளர்த்துங்கள். நெம்புகோலை விலக்காவிட்டால் பல்சக்கரம் இறுகும் பக்கம் மட்டுமே சுற்றும். பலரும் தோற்பது இங்கேதான்.

துரு என்றால் மூன்று வழிகள்.

எண்ணெய்: டபிள்யூடி-40 போன்றதை ஹப் ஓரத்திலும் சக்கர ஸ்டட் (நட்டு ஏறும் மரையாணி) அடியிலும் சில சொட்டு விட்டு அரை மணி நேரம் விடுங்கள். தனியாக இது அரிதாகவே போதும், மற்ற இரண்டுக்கும் துணை. தாராளமாக அடித்தால் லைனிங்கில் ஊறும். எண்ணெய் குடித்த ஷூ பிரேக் பிடிக்காது, மாற்றத்தான் வேண்டும்.

சுத்தியல்: ஒரு கிலோ போதும். ஸ்டட்டுகளுக்கு இடையே உள்ள தட்டையான முகத்தில், சுற்றிச் சுற்றி, சுருக்கென்று அடிக்க வேண்டும். துருவை உடைப்பது அதிர்வுதான், பலம் அல்ல. ஓரத்தில் அடிக்காதீர்கள். டிரம் வார்ப்பிரும்பு, ஓரம் சில்லாகப் பெயரும், விரிசலும் விடும். சக்கர நட்டு இரண்டை நாலு மரை ஏற்றி வையுங்கள், டிரம் திடீரென்று காலில் விழாது.

தள்ளு போல்ட்: என் ஓட்டு இதற்கே. டொயோட்டா, ஜிப்சி போன்ற பல வண்டிகளின் டிரம் முகத்தில் இரண்டு மரைத் துளைகள், போல்ட் ஹப்பில் முட்டி டிரம்மை வெளியே தள்ளுவதற்காகவே இருக்கின்றன. 8 மி.மீ. தடிமன், 1.25 மி.மீ. பிட்ச் (மரைகளின் இடைவெளி), 40 மி.மீ. நீள போல்ட் இரண்டு போதும். துளைத் துருவைச் சுத்தம் செய்து, போல்ட்டில் கிரீஸ் தடவி, இரண்டையும் மாறி மாறி அரைச்சுற்றாக முறுக்குங்கள். ஒன்றை மட்டும் முறுக்கினால் டிரம் சாய்ந்து இன்னும் இறுகும். ஸ்பேனர் கனமானதும் நிறுத்துங்கள், தொடர்ந்தால் துளை மரை போய்விடும். அந்த இறுக்கத்தோடு முகத்தில் நாலு அடி போட்டால் டிரம் 'டக்'கென்று விடும். பேரிங் டிரம்முக்குள்ளேயே இருக்கும் கார்களில் இது செல்லாது. நடு நட்டைக் கழற்றி, ஸ்லைடு ஹேமரால்தான் (கம்பியில் வழுக்கும் எடையால் இழுக்கும் கருவி) இழுக்க வேண்டும்.

தீ வைத்துச் சூடாக்குவது சைலன்சர் நட்டுக்குச் சரி. இங்கே ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பரும் பிரேக் ஆயிலும் பக்கத்திலேயே இருப்பதால் வேண்டவே வேண்டாம்.

டிரம் வந்ததும் தூசியை ஊதாதீர்கள்; பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், நனைத்துத் துடையுங்கள். மாட்டும்போது ஹப் ஓரத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, காப்பர் கிரீஸை மெல்லிய பூச்சாகத் தடவினால் அடுத்த முறை டிரம் கையோடு வரும்.